அடுத்த வருஷத்து டிஃபெண்டர்

போர்ட் பிளேருக்கு அரசாங்கம் புதுப் பெயர் வைத்த ஆண்டில் மழை டிசம்பர் பாதி வரை விடவில்லை. ஞாயிறுதோறும் நடக்க வேண்டிய ஹாக்கிப் போட்டிகள் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் சேறு காயாத மைதானத்திலேயே ஆடி முடித்தார்கள். கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடும் எங்கள் டீமின் இரண்டு ஃபுல்பேக்குகளில் யார் பெரியவன் என்று நாங்கள் கடைசியாகச் சண்டை போட்டது அந்த சீசனில்தான்.

சண்டை நடக்கும் இடம் டெய்ரி ஃபார்ம் பக்கத்தில், மைதானத்துச் சுவரை ஒட்டிய டீக்கடை. டிசம்பர், ஜனவரியில் இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் ஆட்டத்தை மதியமே தொடங்கிவிடுவார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு டீயோடு பெஞ்சில் உட்காருவோம். பேச்சு ஹிந்தியில் நடக்கும். நடுவில் அவரவர் பாஷை எட்டிப் பார்க்கும். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன்.

எனக்குத் தேதிப் பைத்தியம் உண்டு. எந்த மேட்ச் எந்த ஞாயிறு நடந்தது, எந்தப் பக்கத்திலிருந்து கோல் விழுந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். அப்பா ராமநாதபுரத்திலிருந்து அரசு வேலைக்காக இங்கே வந்து இறங்கிய கப்பலின் தேதிகூட எனக்கு மனப்பாடம். அதனால் பெஞ்சில் என் பெயர் ‘காலண்டர் பாபு’. வைத்தவர் தாதா.

தாதா என்றால் பெங்காலியில் அண்ணன். ரவுடி இல்லை என்று மெயின்லேண்டிலிருந்து வரும் என் சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தாதா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள், தொண்டை மட்டும் கப்பல் சங்கு. இருபது வருஷமாக ஹாக்கியைப் பற்றி என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மேட்ச் இல்லாத ஞாயிறுகளிலும் போன் செய்து சண்டை போடுவார்.

அந்த இரண்டு ஃபுல்பேக்குகளையும் நாங்கள் அவர்கள் வந்த ஊரின் பெயரால்தான் கூப்பிட்டோம். ஒருவன் கேம்பல் பே. கிரேட் நிக்கோபாரில் நிலம் கொடுத்துக் குடியேற்றிய பஞ்சாபிப் பட்டாளக்காரக் குடும்பத்துப் பேரன். ஆறடி உயரம், தாடி, சிறு வயதிலிருந்தே கையில் ஸ்டிக். இன்னொருவன் கட்சால். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம். குள்ளம், மீசை சரியாக முளைக்காத முகம். சுனாமி வந்தபோது சின்னப் பிள்ளை. அதன் பிறகு தகரக் கொட்டகையில் சில வருஷம், விட்டுவிட்டுப் போன படிப்பு, அப்புறம் வேலை தேடி போர்ட் பிளேர். இங்கே ஒரு அரசு இலாகாவில் தினக்கூலி மஸ்தூர். ஒருநாள் எங்கள் டீமில் ஆள் குறைந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவனை இறக்கி விட்டார்கள். அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாக ஸ்டிக்கைப் பிடித்தான். அந்தத் தேதி எனக்குத் தெரியும்.

மைதானத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் முதலில் டீமுக்கு வந்தாரோ அவர்தான் பெரியவர். பிறகு வந்தவர்கள் அவரை ‘பாய்’ என்றோ ‘பாஜி’ என்றோ, அதாவது அண்ணன் என்று, கூப்பிட வேண்டும். கட்சால், கேம்பல் பேயைப் ‘பாஜி’ என்றுதான் கூப்பிடுவான். பந்து பொறுக்கப் போவான், தண்ணீர் பாட்டில் நீட்டுவான். நாங்கள் எல்லோரும் அவனைப் ‘பையன்’ என்றோம்.

அந்த சீசனில் அவனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது. தீவு அணியில் இடம். தீவு அணியில் சேர்ந்து மெயின்லேண்டில் போய் ஆடினால் ஒரு சர்ட்டிஃபிகேட் கிடைக்கும். அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலைக்கு மனுப் போடலாம். தினக்கூலியிலிருந்து வெளியே வர அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அந்த வேலைக்கு வயது வரம்பு இருந்தது; அவனுக்கு அதுதான் கடைசி வருஷம். இடம் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். கடைசி வருஷம் என்பது தெரியாது.

தீவு அணியின் பின்வரிசையில் மற்ற டீம்காரர்கள் போக ஒரே ஒரு இடம்தான் எங்களுக்கு வரும் என்று பேச்சு. அதனால் கட்சாலா கேம்பல் பேயா என்ற சண்டைக்கு அந்த வருஷம் சூடு அதிகம். நான் கேம்பல் பே கட்சி, தாதா கட்சால் கட்சி. தமிழன் சர்தாருக்காகவும் பெங்காலி தமிழனுக்காகவும் தொண்டை வற்றுவதைப் பார்த்து டீக்கடைக்கார அம்மா தெலுங்கில் ஏதோ சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள்.

“உங்க பையன் சட்டையைப் பார்த்தீங்களா தாதா? சீசன் முழுக்கத் துவைக்கவே வேண்டாம். எங்க ஆளைப் பாருங்க, நெத்தி வரைக்கும் சேறு.”

“அரே காலண்டர் பாபு, சேறு பூசிக்கிறதுதான் டிஃபென்ஸ்னா டெய்ரி ஃபார்ம் எருமையெல்லாம் ஃபுல்பேக் ஆடலாம்!”

“எருமை அடிச்சா பந்து சென்டர் லைன் தாண்டாது. எங்க ஆள் அடிச்சா ரோட்டுக்குப் போகும்.”

“ரோட்டுக்குத்தான் போகும். நம்ம ஃபார்வர்டுக்கு எப்போ போகும்?”

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் இருந்தது. கேம்பல் பே சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பான். எழுந்து ஓங்கி அடிப்பான். கூட்டம் கத்தும். கட்சால் விழவே மாட்டான். எதிராளி பந்தை எங்கே தள்ளப் போகிறான் என்று முன்கூட்டியே போய் நின்றுகொள்வான். பந்து நேராக அவன் ஸ்டிக்கில் வந்து முட்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காதது போல இருக்கும். ஆனால் சேற்றில் பந்து ஒழுங்காக வராது. பாதி வழியில் நின்றுவிடும், அல்லது குதித்துத் திசை மாறும். அப்போது அவன் சரியான இடத்தில் வெறுமனே நின்றுகொண்டிருப்பான். அந்த சீசனில் அவன் பக்கமாகத்தான் கோல் அதிகம் விழுந்திருந்தது. நான் ஞாயிறு வாரியாகச் சொன்னேன்.

“விழுந்ததை எழுதி வைக்கிறே. விழாததை எந்தத் தேதியில எழுதுவே?” என்றார் தாதா.

இறுதிப் போட்டியில் கடைசி நேரம் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி கார்னர். கோல் லைனிலிருந்து, அடிப்பவனைத் தடுக்க முதலில் பாய்ந்து ஓட வேண்டியது கட்சால். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் அவன் கிளம்பிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவசரமே இல்லை. அடிப்பவன் ஸ்டிக்கை ஓங்கிய பிறகு பந்தைப் பார்க்காமல் இவனை நிமிர்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு பார்வையில் அடி பிசகி, பந்து கட்சாலின் ஸ்டிக்கில் பட்டு வெளியே போனது. ஜெயித்தோம்.

அன்றைக்கு மாலை டீக்கடைக்கு கோச்சும் வந்திருந்தார். எங்கள் டீமின் கோச், தீவு அணித் தேர்வுக் குழுவிலும் ஒருவர். வாயைத் திறக்க மாட்டார், ஆனால் பெஞ்சில் பேசுவதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்வார். அது எங்களுக்கும் தெரியும். அவர் வந்தால் எல்லோருக்கும் குரல் கொஞ்சம் கூடும். கட்சால் அங்கே இல்லை. அவன் அம்மா கண் காட்ட ஊரிலிருந்து வந்திருந்தாள். கப்பல் ஏற்றிவிட ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போயிருந்தான்.

தாதா எழுந்து நின்றார். அவர் அவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை.

“சுனோ, கேளுங்க. ஃபார்வர்டு வேற, ஃபுல்பேக் வேற. ஃபார்வர்டு இருபது வயசுல பழுத்துடுவான், அப்புறம் உதிருவான். ஃபுல்பேக் மெதுவாத்தான் பழுப்பான். அவன் பந்தைக் கத்துக்கலை, ஆட்களைக் கத்துக்கறான். இந்தப் பையனைப் பாருங்க. முதல் சீசன்ல கார்னருக்கு ஓடும்போது கண்ணை மூடிக்குவான். காலண்டர், உண்டா இல்லையா?”

“உண்டு,” என்றேன்.

“போன சீசன்ல கண்ணைத் திறந்தான், ஆனா அரை வினாடி முந்தி ஓடினான். அம்பயர் திருப்பி அனுப்பினார். உண்டா?”

“ரெண்டு தடவை.”

“இன்னிக்கு? இன்னிக்கு அடிக்கிறவனே இவனைப் பார்த்தான்! மூணு வருஷத்துல ஒருத்தன் இவ்வளவு வளர்ந்து நான் பார்க்கலை. கேம்பல் பே நல்லவன்தான், நான் இல்லேங்கலை. ஆனா அவன் வளர்ந்து முடிச்சவன். நேத்து இருந்ததுதான் நாளைக்கும். இவன் வளர்ந்துக்கிட்டே இருக்கான். அடுத்த வருஷம் இந்தத் தீவுகள்லேயே இவனுக்கு ஈடு கிடையாது. எழுதி வெச்சுக்கோ.”

முதல் தடவையாகத் தாதாவிடம் நான் முழுசாகத் தோற்றேன். அந்தத் தோல்வியில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

கோச் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “தாதா சொல்றது நூத்துக்கு நூறு சரி,” என்றார். “கேம்பல் பேக்கு இப்போதான் உச்சம். இந்த வருஷம் அவன் போகட்டும். பையன் இன்னும் வளரட்டும். அடுத்த வருஷம் இவன்தான். என் வார்த்தை.”

கைதட்டினோம். தாதாவும் தட்டினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். இவ்வளவு பேசிய மனிதர் ஏன் அப்போதே மறுக்கவில்லை? கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு பேருக்கு ஒரே பங்க் படுக்கை இருந்தால், அவசரக்காரர் இந்தக் கப்பலில் போவார், மற்றவர் அடுத்த கப்பலில். கல்யாணம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்து அடுத்ததில் போயிருக்கிறோம். அடுத்த கப்பல் எப்போதும் வந்துவிடும், தாமதமாகவாவது. அன்றைக்கு கோச் சொன்னது அந்தக் கணக்கில் எங்கள் எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்டதாக நினைத்து இன்னொரு டீ குடித்தோம்.

மறுநாள் மாலை தாதா மைதானத்துக்கு ரசகுல்லா வாங்கிக்கொண்டு வந்தார். கட்சால் ஸ்டிக் பிடியில் டேப் சுற்றிக்கொண்டிருந்தான். “அடுத்த வருஷம் நீதான்டா! கோச் வார்த்தை கொடுத்துட்டார்!” என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

“சரி தாதா,” என்றான். ரசகுல்லாவை வாங்கிக்கொண்டான். டேப்பை மறுபடி அவிழ்த்து, மறுபடி சுற்றினான்.

பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், தாதாவுக்குப் புரியக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னான்: “அண்ணே, அடுத்த வருஷம் போனா அந்தச் சர்ட்டிஃபிகேட்டு வேலைக்கு ஆகாதுண்ணே. வயசு தாண்டிரும்.”

“உனக்கா? என்ன வயசு உனக்கு?”

சொன்னான். கேம்பல் பேயைவிட நான்கு வயது மூத்தவன்.

தாதா, “க்யா போலா? என்ன சொல்றான்?” என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். நான்தான் ஹிந்தியில் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“நீ அவனைப் பாஜின்னு கூப்பிடறியேடா!”

“மைதானத்துல அப்படித்தானே தாதா கூப்பிடணும்.”

“வயசு விஷயத்தை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“யாரும் கேக்கலையே. தாதா பேசுறாரு, ஆயிரும்னு எல்லாரும் சொன்னாங்க.”

அவன் குற்றம் சாட்டவில்லை, நடந்ததைச் சொன்னான். அவன் எங்கள் மைதானத்துக்கு வந்த நாளிலிருந்துதான் நாங்கள் அவன் வயதை எண்ணியிருந்தோம். எங்களுக்கு அவன் மூன்று வயதுப் பிள்ளை. அதற்கு முன் கட்சாலில், தகரக் கொட்டகையில் கழிந்த வருஷங்கள் எங்கள் கணக்கிலேயே வரவில்லை. அவன் முதல் மேட்ச் ஆடிய ஞாயிறை மறக்காத நான் அவன் பிறந்த வருஷத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

தாதா அன்றைக்கே கோச் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெயர்கள் காலையிலேயே மெயின்லேண்டுக்கு மெயிலில் போய்விட்டன. மாற்ற முடியாதா என்றார் தாதா. ஒரு பெயரை அடித்தால் அந்த இடத்துக்கு ரிசர்வில் இருக்கும் வேறு டீம்காரன்தான் வருவான் என்றார் கோச். அவருக்கும் வருத்தம்தான். வயதைப் பற்றி அவரும் யோசித்திருக்கவில்லை. அணிக்கு வயது வரம்பு இல்லை, வேலைக்குத்தான் உண்டு.

“அப்போ நேத்து நான் அவ்வளவு பேசினதுக்கு என்ன பலன்?”

கோச் கொஞ்சம் தயங்கினார். “உண்மையைச் சொல்லட்டா தாதா? நேத்து மேட்ச் முடியறப்போ எனக்கு ரெண்டு பேருமே சமமா இருந்தாங்க. கார்னரைப் பார்த்துட்டுப் பையன் பக்கம்தான் கொஞ்சம் சாய்ஞ்சிருந்தேன். விட்டுப் போனா பாவமேன்னு. நீங்க பேசினப்புறம்தான் மனசு லேசாச்சு. இவனுக்கு அடுத்த வருஷம் நிச்சயம் இருக்குன்னு.”

தாதா எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது இடது வலது மாற்றி மாட்டிக்கொண்டு, கொஞ்ச தூரம் அப்படியே நடந்தார்.

கேம்பல் பேக்கு விஷயம் தெரிந்ததும் கட்சாலின் அறைக்குப் போய், தொடையில் பிடிப்பு என்று சொல்லி விலகிக்கொள்கிறேன் என்றானாம். கட்சால்தான், “வேண்டாம் பாஜி, எனக்கு வராது, உங்களுக்கும் போயிரும்” என்று அனுப்பிவைத்தான். கேம்பல் பே போனான், ஆடினான், சர்ட்டிஃபிகேட்டோடு வந்தான். சில மாதங்களில் குடும்ப வழக்கப்படி பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அந்தச் சர்ட்டிஃபிகேட் அவனுக்குத் தேவைப்படவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷம் கோச் வார்த்தையைக் காப்பாற்றினார். கட்சால் தீவு அணியில் சென்னைக் கப்பல் ஏறினான். செயற்கைப் புல் மைதானத்தில் அவன் ஆடியதே அதுதான் முதல் தடவை. எங்கள் அணி சீக்கிரமே வெளியேறிவிட்டது. ஆனால் அவனை அங்கே எல்லோரும் விசாரித்தார்களாம், யார் அந்தக் குள்ளமான ஃபுல்பேக், எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று. கோச் திரும்பி வந்து சொன்னார். தாதா சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருந்தது. அவனுக்கு ஈடு கிடையாது. நான் கேம்பல் பே கட்சி என்பதால் இதை எழுதி வைக்க வேண்டிய கடமை எனக்கு உண்டு.

திரும்பி வந்த வாரம் கட்சால் பெஞ்சுக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, அங்கே பந்து குதிக்கவே மாட்டேங்குதுண்ணே. போய் நின்னா நேரா வந்திருது. என்னமோ நம்மளைத் தேடிக்கிட்டு வர்ற மாதிரி.” கையால் தரையில் கோடு கிழித்துக் காட்டினான். எந்த அணியின் ஃபார்வர்டு எந்தப் பக்கம் ஏமாற்றுவான், அவனை எப்படி வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போவது என்று டீ ஆறும்வரை பேசினான். இத்தனை வருஷம் அவனைப் பற்றி நாங்கள் பேசியிருக்கிறோம். அவன் தன் ஆட்டத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சர்ட்டிஃபிகேட் எங்கே என்று யாரோ கேட்டார்கள். லேமினேட் செய்து கட்சாலுக்குப் போகிறவர் ஒருவரிடம் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டானாம்.

“அம்மா போன்ல கேட்டுச்சு, இதை வெச்சு வேலை கிடைக்குமாய்யான்னு.”

“என்ன சொன்னே?”

“கிடைக்கும்னுட்டேன்,” என்றான். மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்து, வேலைக்கு நேரமாச்சு என்று போனான்.

இதைக் கேட்கத் தாதா அங்கே இல்லை. கோச் வீட்டுக்குப் போய் வந்த நாளிலிருந்தே அவர் பெஞ்சுக்கு வருவது குறைந்து, பிறகு நின்றுபோனது. கோபமில்லை. வழியில் பார்த்தால் நின்று பேசுவார், மீன் விலை, மழை, பேத்தியின் பரீட்சை. ஹாக்கிக்கு வந்தால் பேச்சை மாற்றுவார். ஞாயிற்றுக்கிழமை போன்களும் இல்லை. அவர் இல்லாமல் பெஞ்சில் சண்டைக்கு ருசி இல்லை. நான் தேதி சொன்னால் சரி என்று தலையாட்டுகிறார்கள்.

கட்சால் இன்னும் தினக்கூலிதான். இன்னும் எங்கள் டீமுக்கு ஆடுகிறான். இந்த சீசன் மைதானம் சீக்கிரம் காய்ந்தது. அவன் பக்கமாக ஒரு கோல்கூட விழவில்லை. போன ஞாயிறு மேட்ச் முடிந்ததும் என்னால் பொறுக்க முடியாமல் தாதாவுக்கு நானே போன் செய்தேன்.

“வாங்க தாதா. ஒரு தடவை வந்து பாருங்க. நீங்க சொன்ன மாதிரியே ஆடறான்.”

“தெரியும்,” என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்:

“அதுதான் பார்க்க முடியலை, காலண்டர். என்னிக்காவது மோசமா ஆடினான்னா சொல்லு. வரேன்.”